பேசக் கூடாத அறை

திரையில் குழாயின் அழுத்தக் கோடு நேராகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் கண் பக்கத்துத் திரைக்கே போகிறது, அங்கே பச்சைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் பொற்கொடி படுத்திருக்கிறாள், ஊசி போட்டாயிற்று, ரெஜினா சிஸ்டர் விளக்கைக் குறைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயாயிற்று, இனி ஒரு மணி நேரத்துக்கு என் மனைவி பேசக் கூடாது. மின்வாரியத்தில் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளுக்கு வேலையே பேசுவதுதான், மதுரையில் எங்கள் பக்கம் கரண்டு போனால் புகார் தொலைபேசியை எடுக்கிறவள் அவள், போன வருஷத்திலிருந்து மருத்துவ விடுப்பு, இன்னமும் காய்கறிக் கடையில் யாராவது நிறுத்தி, "அக்கா, நீங்க இல்லாம அந்த ஆபீஸ்ல இப்ப ஒருத்தன் எடுக்குறான், வள்ளுவள்ளுன்னு விழுகுறான்" என்று புகாரைப் பற்றியே புகார் சொல்கிறார்கள். நேற்று அடுப்படியில் நின்றுகொண்டு அவளுக்கு விதிகளைச் சொன்னேன். சோறு கூடாது, இனிப்பு கூடாது, முட்டையும் கீரையும் சாப்பிடு, உடம்பு குளிரக் கூடாது, ஊசி போட்டபிறகு கையைக் காலை ஆட்டாதே, போன் கிடையாது, பேசக் கூடாது. அவள் முட்டையை உரித்துக்கொண்டே, "மூச்சாவது விடலாமா, இல்ல அதுக்கும் ஒங்க டாக்டரம்மாகிட்ட லெட்டர் வாங்கணுமா?" என்று கேட்டாள். விடலாம் என்றேன். இந்த மாதிரிக் கேள்விக்குக்கூட ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறவன் நான், என்னோடு குடித்தனம் நடத்துவதில் அதுதான் பெரிய இம்சை என்பாள். பேசினா என்ன ஆகும் என்றாள். பேசினால் தொண்டைத் தசை வேலை செய்யும், வேலை செய்கிற இடத்துக்குச் சர்க்கரை ஓடும், ஸ்கேனில் அந்த இடம் வெளிச்சமாக விழும், டாக்டரம்மா குழம்பிப்போவார். "அப்ப நீங்க எங்க இருப்பீங்க?" "என் ரூம்லதான். கேமரா இருக்கு, பாத்துக்கிட்டே இருப்பேன்." "நான் பேசுனா ஒங்களுக்குக் கேக்குமா?" "கேக்காது, படம் மட்டுந்தான். நாங்க பேசுனா அங்க ஸ்பீக்கர்ல கேக்கும். பேசவே கூடாத ரூம்ல எதுக்கு மைக்குன்னு அங்க வைக்கல." "சுத்தமா கேக்காதா?" "கேக்காதுன்னா கேக்காது கொடி." முட்டையை உப்பில் தொட்டுக்கொண்டு, மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் போன கதைக்குப் போய்விட்டாள்.

கோடு நேராக இருக்கிறது, நல்லது. ஈயக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே எல்லாம் லேசான மஞ்சளாகத் தெரியும், அந்த மஞ்சளுக்குள் என் குழாய் சுருள்சுருளாகக் கிடக்கிறது, தையல் நூல் தடிமன்தான் இருக்கும். கீழ்த்தளத்தில் இருக்கிற சைக்ளோட்ரான் எந்திரத்திலிருந்து கதிர்வீசும் ஃபுளோரின் வருகிறது, ஒரு பம்பு அதைத் தள்ளுகிறது, இன்னொரு பம்பு சர்க்கரைச் சரக்கைத் தள்ளுகிறது, இரண்டும் ஒரு முச்சந்தியில் சந்திக்கின்றன, சேர்ந்து சூடான சுருளுக்குள் போகின்றன, வெளியே வருவதற்குள் ஃபுளோரின் சர்க்கரைமேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. எங்கேயும் நிற்பதில்லை, எல்லாம் போகிற போக்கில். முன்பெல்லாம் பானைதான், அதாவது ஒரு சின்னப் பாத்திரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சூடாக்கி மூடியைத் திருகிவிட்டுக் காத்திருப்பது, அந்த முறைக்கு எங்கள் அறையில் பானை என்று பெயர் வைத்தவனே நான்தான். நடந்தால் எல்லாம் நடக்கும், கெட்டால் எல்லாம் கெடும். குழாயில் அப்படி இல்லை, எந்த நேரத்திலும் ஒரு சொட்டுதான் சூட்டில் இருக்கிறது, அது போய்விடுகிறது, அடுத்த சொட்டு வருகிறது. இதை வாங்கித் தாருங்கள் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது, "அறவாழி சார் பிளம்பிங் வேலைக்குப் போறாராம்" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கிண்டல். போகட்டும். உடம்பு இந்தச் சர்க்கரையை நிஜச் சர்க்கரை என்று நம்பி விழுங்கிவிடும், விழுங்கியபிறகு செரிக்க முடியாமல் முழிக்கும், அங்கேயே மாட்டிக்கொள்ளும், மாட்டிக்கொண்ட இடம் ஸ்கேனில் எரியும். புற்று இருக்கிற இடத்துக்குப் பசி அதிகம், அது பந்தியில் முந்தி உட்காருகிற ஆள், நிறையத் தின்னும், நன்றாக எரியும். இதையெல்லாம் எடுத்துப் பூட்டிவைத்துக்கொள்ளவும் முடியாது, இரண்டு மணி நேரம் ஆவதற்குள் ஃபுளோரினில் பாதி போய்விடும், சித்திரை வெயிலில் வாங்கின குச்சி ஐஸ்தான், கையில் வந்தால் தின்றுவிட வேண்டும். காலையில் செய்த முதல் ஓட்டம், அதாவது முதல் தடவைச் சரக்கு, அவளுக்குப் போயிற்று. ஈயக் குடுவைமேல் ஒட்டுகிற சீட்டில் பெயர் இருக்கும், எத்தனையோ பெயர் ஒட்டியிருக்கிறேன், ஒன்றையும் படித்ததில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, பொற்கொடி அறவாழி என்று அச்சடித்துக்கொண்டு வந்த சீட்டை ஒட்டத் தெரியாமல் கோணலாக ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டினேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். இப்போது ஓடுவது இரண்டாவது ஓட்டம், மத்தியானத்துக்கு, போடியிலிருந்து ஒரு லாரி டிரைவரும் பரமக்குடியிலிருந்து ஒரு டீச்சரும் வெறும் வயிற்றோடு வந்து கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். இது கெட்டால் அவர்கள் அப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான். அதனால் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது, எழுந்தாலும் அவள் பக்கத்தில் போய் உட்கார முடியாது, இப்போது அவளே கதிர் வீசுகிறாள், நாங்களெல்லாம் தள்ளித்தான் நிற்க வேண்டும், என் சரக்கு அவளுக்குள் ஓடுகிறது, நான் தள்ளி நிற்கிறேன்.

போர்வை கொஞ்சம் நழுவியிருக்கிறது. இழுத்துவிட்டுக்கொள் கொடி, கழுத்து குளிர்ந்தால் அங்கே இருக்கிற கொழுப்பும் எரியும், அதையும் பார்த்து நாங்கள் பயப்பட வேண்டும். இழுத்துவிட்டுக்கொண்டாள். சொன்ன மாதிரியே செய்கிறாள். முடி இப்போது திரும்ப முளைத்துச் சுருட்டையாக இருக்கிறது, ஆயுசு முழுக்க வாரிவிட்ட மாதிரி இருந்த முடி, மருந்து முடிந்து வளர்ந்தபோது சுருண்டுகொண்டு வந்தது, எங்கள் வீட்டில் புதிதாக யாரோ குடிவந்த மாதிரி முதலில் எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. முதன்முதலில் எனக்கு அவளுடைய முடியெல்லாம் தெரியாது, குரல்தான் தெரியும். அப்போது நான் ஆராய்ச்சி மாணவன், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஃபுளோரின் ஏற்றுகிற வேலை, பானைதான், அது சூடானால் வெடிக்கிற ஜாதி, குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், குளிர்சாதனமோ கரண்டை நம்பியிருந்தது, கரண்டோ யாரையும் நம்பவில்லை. அது போகும்போதெல்லாம் போன் போட்டேன். "மேடம், என் ரியாக்‌ஷன் வெடிச்சிரும்." "வெடிக்கிறதுக்குள்ள வந்துரும் சார், ஐஸ் இருந்தா வாங்கிப் போடுங்க." மீன் மார்க்கெட்டில் ஐஸ் கிடைக்கும் என்று சொல்லித்தந்தவள் அவள்தான், ஆய்வுக்கூடமே கருவாட்டு வாசனை அடித்தாலும் ரியாக்‌ஷன் பிழைத்தது. கொஞ்ச நாளில் குரலைக் கேட்டதும், "ஐஸ் சாரா?" என்பாள். பிறகு கரண்டு இருக்கும்போதும் போன் போட ஆரம்பித்தேன், "கரண்டு இருக்குதே சார்?" என்றாள், ஆமாம், இருக்கிறது என்று ஒழுங்காகப் பதில் சொன்னேன், அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்களாம். அந்த நாளில்தான் ஒருமுறை கையுறையில் ஓட்டை இருந்தது தெரியாமல் கட்டைவிரலில் பட்டது. ஃபுளோரின் அமிலம் பட்டால் உடனே வலிக்காது. அதுதான் அதனுடைய குணம். கழுவினேன், சிவக்கக்கூட இல்லை, சாப்பிட்டேன், சினிமாவுக்குப் போனேன், இடைவேளைக்குப் பிறகு எலும்பிலிருந்து ஆரம்பித்தது. இப்போதும் அந்த நகம் நடுவில் பள்ளமாகத்தான் வளர்கிறது. அதிலிருந்து வலிப்பதைக் கண்டால் எனக்குப் பயமில்லை, வலிக்காததைக் கண்டால்தான் பயம். போன வருஷம் தலை துவட்டிக்கொண்டே கழுத்தைக் காட்டினாள், "இங்க ஒண்ணு பட்டாணியாட்டம் இருக்கு பாருங்க." வலிக்குதா என்றேன். "வலிச்சா சொல்ல மாட்டேனா? வலிக்கவே இல்ல." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காபி கலக்கப் போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே நின்றுகொண்டு கட்டைவிரலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் தடவிக்கொண்டிருக்கிறேன். விடு. கோடு? கோடு நேராக. திரை? திரையில் அவள் வாய் அசைகிறது. ஏதாவது மெல்லுகிறாளா, மெல்லக் கூடாது, மென்றால் தாடை எரியும், இல்லை, மெல்லவில்லை, கொட்டாவியும் இல்லை, உதடு குவிகிறது, விரிகிறது, புருவம் ஏறுகிறது, தலையை லேசாகச் சாய்க்கிறாள், இருபது வருஷத்துக்கு மேல் எதிரே உட்கார்ந்து பார்த்த வாய், அது பேசுகிறது. யாரிடம்? அறையில் யாருமில்லை, போனை ரெஜினா வாங்கி வைத்திருக்கிறாள். முணுமுணுத்தாலும் பேச்சுத்தான், தசைக்குத் தெரியுமா மெதுவாகப் பேசுகிறாளா, கத்துகிறாளா என்று. சொன்னேனே, படித்துப் படித்துச் சொன்னேனே, தலையை ஆட்டினாளே. மற்ற இடமென்றால்கூடப் பரவாயில்லை, கழுத்து, கட்டி வந்ததே கழுத்தில்தான், இன்றைக்குக் கழுத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தால் டாக்டரம்மா தௌலத் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார், மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டும் என்பார், மறுபடி காத்திருக்க வேண்டும், மறுபடி அந்த நாற்காலிகள். மைக்குப் பொத்தான் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அழுத்தி, பேசாதே கொடி என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கை போகிறது. அதே நேரத்தில்தான் கோடு ஏறுகிறது. சனியன், இப்போதுதானா. உப்பு, வேறொன்றுமில்லை, முச்சந்தியில் எங்கோ உப்பு படிகிறது, நூல் தடிமன் குழாயில் மணல்பொடி அளவு உப்பு போதும், அழுத்தம் ஏறும், ஏறிக்கொண்டே போனால் பம்பு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், நின்றால் டிரைவரும் டீச்சரும் பட்டினியோடு ஊருக்குப் போவார்கள். பதறக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் பம்பை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் படிந்தது அங்கேயே இறுகிவிடும், ஓட்டத்தை நிறுத்தவே கூடாது, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். குறைக்கிறேன். சுருளுக்குச் சூட்டைக் கொஞ்சம் ஏற்றுகிறேன். நடுவில் ஒரு மிடறு வெறும் கரைப்பான் அனுப்புகிறேன், போ, கழுவிக்கொண்டு போ. கோடு இன்னும் ஏறுகிறது. பக்கத்துத் திரையில் அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், இப்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு கையைக்கூட எடுத்து எதையோ விளக்குகிறாள், கையை உள்ளே வை, அதுவும் எரியும். கோடு நிற்கிறது. ஏறவில்லை, இறங்கவில்லை. இறங்கு. இறங்குகிறது. மெதுவாக, மாடிப்படியில் பிடித்துக்கொண்டு இறங்குகிற மாதிரி இறங்குகிறது, பழைய இடத்துக்கு வந்து படுத்துக்கொள்கிறது. நெற்றியெல்லாம் வியர்வை. இனி பொத்தானை அழுத்தலாம், கை சும்மாதான் இருக்கிறது.

அழுத்த வேண்டியதுதானே. விரல் பொத்தான்மேல் இருக்கிறது, பள்ளம் விழுந்த நகம், அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருந்து ஏறிய மாதங்களில் அவள் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. தண்ணீர் பட்டாலே எரியும், பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளாக ஒன்றும் நிறுத்தவில்லை, இரண்டு வார்த்தை ஆரம்பிப்பாள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும், கையால் சரி விடுங்க என்று காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். தண்ணீர் வேண்டுமென்றால் கரண்டியால் தம்ளரைத் தட்டுவாள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சுவர்க் கடிகாரம், மாடிவீட்டுக்காரர்கள் செருப்பு, தெருமுனை வரைக்கும் போகிற பால்வண்டி, எல்லாம் கேட்டது, அவள் பேசிக்கொண்டிருந்தவரைக்கும் இதில் ஒன்றும் கேட்டதில்லை. அவள் பேசுவதை நான் ஒழுங்காகக் கேட்டவன் இல்லை என்று அவளே சொல்வாள், உண்மைதான், அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், நான் பேப்பர் படிப்பேன், கணக்குப் போடுவேன், ம் என்பேன். ஆனால் ஓடிக்கொண்டே இருந்ததால்தான் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக என்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, எனக்கே தெரியாமல், கடைக்காரரிடம் சாப்பிட்டீங்களா என்று நான் கேட்கிறேன், அது அவள் கேள்வி, ஆட்டோக்காரரிடம் பிள்ளை எந்த ஸ்கூல் என்கிறேன், அதுவும் அவளுடையது. அந்த மாதங்களில் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து, "ஏங்க, அந்த மோட்டார" என்று குரல் வந்தது, கரகரவென்று, பாதியில் நின்றுபோயிற்று, இருந்தாலும் வந்தது, நான் வாசலிலேயே ஒரு செருப்போடு நின்று அழுதேன், மோட்டாரை அணைக்கக்கூட மறந்துபோனேன். அந்த ஆள்தான் இப்போது பொத்தானை அழுத்தி, பேசாதே என்று சொல்ல வேண்டும். என்னால் முடியாது. இது தப்பு என்று எனக்குத் தெரியும், இங்கே வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லித்தருகிற பாடமே இதுதான், பேஷன்டு பேசினால் உடனே நிறுத்து, படம் கெட்டுவிடும். தெரிந்தே விரலை எடுத்துவிடுகிறேன். பேசிவிட்டுப் போகட்டும். என்ன சொல்கிறாள்? சாமியா? எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் சாமி கும்பிடுகிறவர்கள் இல்லை, ஆனால் பயம் வந்தால் யார் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. மின்வாரியத்துக்குத் திரும்பிப் போனால் பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாளோ, வந்துரும் சார், லைன்ல ஆள் போயிருக்காங்க, வந்துரும். சிரிக்கிறாள். இல்லை, சிரிப்பு இல்லை, வாய் கோணுகிறது, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், மறுபடி பேசுகிறாள். பிறகு கண்ணைத் திறந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறாள், என்னை. நான் மடத்தனமாகக் கையை ஆட்டுகிறேன், அவளுக்குத் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், எனக்கு வெளிச்சமானதெல்லாம் பேய், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் கழுத்தை ஒரு திரையில் பார்க்கப்போகிறேன்.

வாய் நின்றுவிட்டது. ரெஜினா வந்து அவளை எழுப்பி ஸ்கேனுக்கு நடத்திக்கொண்டு போகிறாள், நாற்காலியும் கசங்கின போர்வையும்தான் திரையில் இருக்கின்றன. என் ஓட்டமும் முடிகிறது, கடைசிச் சொட்டு குடுவையில் விழுகிறது, நிறமில்லாமல் தெளிவாக இருக்கிறது, சோதனை செய்கிறவர்களிடம் கொடுத்துவிட்டேன், டிரைவருக்கும் டீச்சருக்கும் கவலையில்லை. கையைக் கழுவுகிறேன், கதிர் ஒட்டியிருக்கிறதா என்று அளவு பார்க்கிறேன், மறுபடி கழுவுகிறேன். ஸ்கேன் அறைக்குப் போக எனக்கு வேலையே இல்லை, இத்தனை வருஷத்தில் ஒரு படத்தையும் போய்ப் பார்த்ததில்லை, சமைக்கிறவன் பந்தியை எட்டிப்பார்க்கக் கூடாது என்பேன், இன்றைக்குக் கால் தானாகப் போகிறது. டாக்டர் தௌலத் திரைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் தோளுக்கு மேலே ஒரு பெண்ணின் உருவம், முகமில்லை, முடியில்லை, உள்வெளிச்சம் மட்டும். மூளை எரிகிறது, அது எப்போதும் எரியும், இதயம், சிறுநீர்ப்பை, அதெல்லாம் எல்லோருக்கும் உள்ளது, எனக்குத் தெரியும். கழுத்தில் எரிகிறது. அரிசி அளவில், நடுவில், நன்றாக எரிகிறது. வாய் அசைந்ததைப் பார்த்தவன் நான், எது ஏன் எரியும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவன், அந்த நிமிஷத்தில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை, வலிக்கவே இல்ல என்று அவள் சொன்னது மட்டும்தான் காதில் இருந்தது.

"அறவாழி சார், நீங்களா? உக்காருங்க மொதல்ல" என்கிறார் டாக்டர். நான் உட்காரவில்லை, அவரே கேட்கிறார். "ஒண்ணு கேக்குறேன், அந்த ரூம்ல உங்க வீட்டம்மா பேசுனாங்களா?"

"பேசுனாங்க டாக்டர்."

"யாரு சொன்னா?"

"நான் பாத்தேன். கேமராவுல."

அவர் நாற்காலியை முழுக்கத் திருப்பி என்னைப் பார்க்கிறார். "பாத்தீங்க. மைக்கு கைக்குப் பக்கத்துல இருக்கு. ஊருக்கெல்லாம் பேசாதீங்கன்னு சொல்ற மனுஷன், சொல்லலையா?"

"சொல்லல."

ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. திரைப்பக்கம் திரும்பி, பேனா முனையால் காட்டுகிறார். "இது குரல் தசை. பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரே அளவு. நல்லாப் பேசியிருக்காங்க, சும்மா ரெண்டு வார்த்தை இல்ல. போன வருஷம் கட்டி இருந்தது இந்தப் பக்கம், இங்க." பேனா கொஞ்சம் தள்ளிப் போகிறது, அங்கே ஒன்றுமே இல்லை, இருட்டு, நல்ல இருட்டு. "இங்க ஒண்ணுமில்ல. கை இடுக்குல இல்ல, நெஞ்சுல இல்ல, வயித்துல இல்ல. இந்தக் குரலைத் தவிர எல்லாம் சுத்தம். ரிப்போர்ட் நாளைக்குத் தாரேன். நீங்க இப்பவே போய்ச் சொல்லிருங்க, போங்க."

ஊசி போட்டவர்கள் உட்காருவதற்கென்று பின்பக்கம் ஒரு தனி வராந்தா இருக்கிறது, தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், கூட வந்தவர்கள் அதற்கு இந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும், அந்தக் கோட்டை எங்கே போட வேண்டும் என்று அளந்து சொன்னவன் நான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டை முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஒரு காபி வாங்கிட்டு வாங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிறாள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, "ஒண்ணுமில்ல கொடி, எல்லாம் சுத்தம், டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்கிறேன். முடியை ஒதுக்கின அவள் கை அங்கேயே நிற்கிறது. "நெஜமாவா?" என்று கேட்கிறாள், நான் நிஜமாக என்கிறேன், அவள் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொள்கிறாள், நான் என் முகத்தைக் சட்டைக் கையால் துடைத்துக்கொள்கிறேன்.

"தொண்டை மட்டும் எரிஞ்சுச்சு" என்கிறேன். "பேசியிருக்கே."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சும்மா இருந்தீங்க? மைக்குல சத்தம் போடுவீங்கன்னு பயந்துக்கிட்டே பேசுனேன்."

"யார்கிட்ட பேசுனே?" என்று கேட்கிறேன்.

"ஒங்ககிட்டதான். வேற யாரு இருக்கா?"

"எனக்குத்தான் கேக்காதுன்னு சொன்னேனே."

"அதான் பேசுனேன்." மடியில் கிடக்கும் கையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். "ஒரு வருஷமா உள்ளயே கெடக்கு. பயமா இருக்குன்னு ஆரம்பிச்சா, பயப்படாதே, நூத்துக்கு இத்தனை பேருக்குச் சரியாயிருதுன்னு நீங்க கணக்குச் சொல்லுவீங்க. நான் இல்லன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா, அதுக்கும் ஒழுங்கா ஒரு பதில் சொல்லிருவீங்க. எனக்குப் பதில் வேணாம்னு இருந்துச்சுங்க. ஒங்க மூஞ்சியப் பாத்து ஒரு தடவை சொன்னாப் போதும்னு இருந்துச்சு. கேமராவ ஒங்க மூஞ்சின்னு நெனச்சுக்கிட்டேன்."

மஞ்சள் கோடு என் செருப்புக்கு முன்னால் இருக்கிறது. தாண்டிப் போகிறேன். அவள் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி உட்காருகிறேன், அவள் கை சூடாக இருக்கிறது, சட்டைப்பையில் குத்தியிருக்கிற கதிர் அளக்கும் பட்டை இதையெல்லாம் பதிந்துகொள்ளும், மாசக் கடைசியில் என்ன என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

"தள்ளி உக்காரணும்னு நீங்கதான ரூல்ஸ் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்" என்கிறேன். "நீ பேசு. நான் பதில் சொல்ல மாட்டேன்."